வடக்குப் பாதி

என் வீட்டில் பாதி என் மனைவிக்குச் சொந்தம். பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரம் இருக்கிறது. பீரோவில் அவளுடைய பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எந்தப் பாதி என்று கேட்கிறவர்களை ஹாலுக்குக் கூட்டிப்போய், தெற்குச் சுவரிலிருந்து இரண்டாவது டைல்ஸ் வரிசை முடிகிற கோட்டைக் காட்டுவேன். அதற்கு வடக்கே எல்லாம் அவளுடையது. ஹாலின் பெரும்பகுதி, சமையலறை, வாசல், கேட், கேட்டில் தொங்கும் தபால் பெட்டி. தெற்கே படுக்கையறை, குளியலறை, பின்பக்கத்துக் கொடிக்கயிறு எனக்கு. டிவி என் பாகத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கிற நாற்காலிகள் அவள் பாகத்தில் இருக்கின்றன. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் என் மாமனாரால் வந்தது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு சர்க்கரை ஆலையில் எனக்கு எடைமேடை எழுத்தர் வேலை. கரும்போடு வரும் டிராக்டரை ஒரு தடவை எடை போட வேண்டும், கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு தடவை போட வேண்டும். நடுவில் விவசாயி கத்துவார், நான் கத்துவேன். இருபது சொச்சம் வருஷம் இப்படிக் கத்தியதில் வீட்டிலும் எனக்குச் சாதாரணக் குரல் வராமல் போய்விட்டது. உப்பு கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொல்வாள். வீடு நான் ஆலைச் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டியது. அப்பன் பாட்டன் சொத்து இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மாமனார் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வாலிபத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரியோடு கல்வராயன் மலைக்குப் போனவர், வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டார். டீயோடு காலையில் இட்லி, மத்தியானம் சோறு. ஜீப் ஓட்டுகிறவர்கள், கண்டக்டர்கள், சந்தைக்குச் சாமை மூட்டை கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் சாப்பிடுவார்கள். கையில் காசு இல்லாதவனையும் உட்காரச் சொல்வார். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட அந்த மனுஷன் என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

பெண் கொடுத்த வீட்டில் பெண்ணின் அப்பா கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எல்லாக் குடும்பத்திலும் இது இப்போது பேச்சளவில்தான் இருக்கிறது. பேரனோ பேத்தியோ பிறந்துவிட்டால் போதும், அதோடு முடிந்தது என்று வந்து உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். என் மாமனார் அதற்கும் மசியவில்லை. எங்களுக்குப் பையன் பிறந்தபோது மோதிரத்தோடு வந்தார், நின்றபடி குழந்தையைப் பார்த்தார், பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார், பஸ் ஸ்டாண்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டார். பையன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் முடிக்கப் போகிறான். அவன் பத்தாவது பாஸ் செய்தபோதும் அதே பாட்டில்தான். எனக்கு இது அவமானமாக இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சாப்பிடச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் “இருக்கட்டும் மாப்ள” என்பார்.

மாமியார் காலமாகி அவர் தனியாக இருந்த காலத்தில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடியும் முன்னால் எழுந்து பஸ் பிடித்து, அத்தனை வளைவும் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக வந்து, படுத்து, ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் ஏற வேண்டும். ஏறும்போது வாந்தி எடுப்பார். ஜன்னல் ஓரம் சீட்டு அவருக்கென்று கண்டக்டர் துண்டு போட்டு வைப்பார். ஒரு மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது, அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரம் உடம்பு முடியவில்லை என்று வரவில்லை. அதற்கடுத்து வந்தபோது கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு இறங்கினார். இன்னொரு தடவை இப்படி விட்டால் ஆள் தாங்காது என்று டாக்டர் என் மனைவியிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். அவள் கூப்பிட்டாள், வரமாட்டேன் என்றார். நான் லீவு போட்டு மலைக்கே போய்க் கூப்பிட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குவது உங்களுக்கு மரியாதையா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றார். நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். இரண்டாவது டீயையும் அவர்தான் போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன்.

நாலைந்து நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பாதி வூட்ட எம் பேர்ல எழுதுங்க,” என்றாள். “மாப்ள வூட்லதான இருக்க மாட்டாரு. பொண்ணு வூட்ல இருப்பாரு.”

உடனே சரி என்று சொன்னேன் என எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு செங்கல்லும் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் ராத்திரி பகல் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்த ஜாக்கெட்டுகள் எத்தனை அந்தச் செங்கல்லில் இருக்கின்றன என்பதும் தெரியும். ஆனால் பத்திரத்தில் ஒரு பெயர்தான் இருந்தது, அது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, முகம் கழுவாமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டாள். அவள் சந்தேகம் நியாயமானதுதான்.

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். வயசானவர், முப்பது வருஷத் தொழில், இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறார். மனைவிக்குப் பாதி வீடு தான செட்டில்மென்ட் என்றேன். தலையாட்டிவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் பொதுவாக எழுத முடியும், அதற்குப் பிரிபடாத பாகம் என்று பேர் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் பாதி வீடு என்று வருகிறவர்கள் எல்லாம் அண்ணன் தம்பிகள். அண்ணன் தம்பி என்றால் நடுவில் சுவர் வரும், அளவு வரும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வரும். முப்பது வருஷத்தில் அவர் கைக்குப் பழகிய பாதி அதுதான். நானும் எடைமேடையில் நிற்கிறவன், ஒன்றைப் பாதி என்றால் அளந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவன். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். வாசல் இருக்கிற பக்கம் என்றாள்.

வடபாதி என்று தட்டினார். மொத்தம் வடக்குத் தெற்கு நாற்பதடி, அதில் வடபுறம் இருபதடி. எல்லை நான்கும் எழுதினார். அவளுடைய பாதிக்குத் தெற்கு எல்லையாக என் பெயரைப் போட்டார். பெண்டாட்டிக்கு எல்லையாக நான் இருப்பதைப் படித்தபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆபீசுக்குள் போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தோம், ஆலையிலிருந்து கூட்டிப்போன இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லையே, சம்மதம்தானே என்று அதிகாரி கேட்டார். நான் பதில் சொன்ன விதத்தைக் கேட்டு அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். என் குரலே அப்படி என்று மனைவி அவரிடம் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெள்ளிமலைக்குப் போனோம். மாமனார் கல்லாவில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார். கடையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் படிக்காமல் விட்ட இடத்தை அவர்தான் கண்டுபிடித்தார். வாசல் வடபாதிக்குப் போய்விட்டதால், தென்பாதிக்காரனாகிய நான் உள்ளே போகவர எனக்கு ஒரு உரிமை எழுதியிருந்தது. வடபாதி வழியாக நான் நடந்து போகவும், ஆடு மாடு ஓட்டிச் செல்லவும், பாரம் ஏற்றிய வண்டி ஓட்டிச் செல்லவும் பாத்தியம் உண்டு. ஏதோ கொல்லை நிலப் பத்திரத்திலிருந்து அந்தக் கிழவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். என் ஹாலில், என் நாற்காலிகளுக்கு நடுவே, சட்டப்படி நான் மாட்டுவண்டி ஓட்டலாம்.

கடை சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. பத்திரத்தை மடித்து மகளிடம் கொடுத்து, “இது உன் வூடு,” என்றார். அடுத்த வாரம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அன்று என் வீட்டுச் சமையலறையில் ஆக்கிய சோற்றை முதல் தடவையாகச் சாப்பிட்டார். அதாவது, அவள் சமையலறையில் ஆக்கியதை. இரண்டாவது தடவையும் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். என் மனைவி சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

தெருச்சுவரிலிருந்து அளந்தார். முன்வாசல் ஐந்தடி போக, ஹாலுக்குள் பதினைந்தடியில் எல்லை விழுந்தது. சரியாக டைல்ஸ் இணைப்பில் விழுந்தது. கொத்தனார் போட்ட டைல்ஸில் நேராக இருந்தது அந்த ஒரு கோடுதான். அவருக்கென்று படுக்கையறையில் மெத்தை விரித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி வைத்து, எல்லாம் தயாராக இருந்தது. எல்லாம் தென்பாதி. அவர் தன் கட்டிலை ஹாலில் கோட்டுக்கு வடக்கே, நாலு காலும் அந்தப் பக்கமே இருக்கிற மாதிரி போட்டுக்கொண்டார்.

கட்டிலை ஏற்றுக்கொண்டேன். குளியலறைக்கு என்ன செய்வார் என்று பார்த்தேன். மறுநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியோடு கேட்டைத் திறந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை செய்கிறவர், எங்களுக்கு உறவும் இல்லை, பெரிய பழக்கமும் இல்லை. உறவு இல்லாததால் அங்கே குளிப்பதில் இவருக்குக் கூச்சம் இல்லை. குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, நான் வாசலில் நிற்க, என்னைத் தாண்டி ஈர வாளியோடு வந்தார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கத்தினேன். நான் கத்தி முடிக்கிற வரை இருந்துவிட்டு, அவர் அப்போதே பொதுவாக வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்றார். பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட்டால் சரியாகிவிடும். பிரிபடாத பாகம் என்றால் கோடு கிடையாது, எந்தச் செங்கல்லைத் தொட்டாலும் அதில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது என்று விளக்கினார். இது எனக்குப் பிடித்திருந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு இப்படித்தானே இருக்க வேண்டும் என்று பட்டது. வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாமனாருக்கு விவரமாகச் சொன்னேன். குளியலறையிலும் பாதி அவளுடையதாகிவிடும், நீங்கள் தாராளமாகப் போகலாம் என்றேன்.

அவர் குனிந்து கட்டில் காலைப் பார்த்தார். “அப்ப இந்தக் கட்டில் கால் நிக்கிற எடத்துலயும் பாதி உங்களுதா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அப்ப வேணாம் மாப்ள. இதுவே இருக்கட்டும்.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பிழையைத் திருத்தினால் வீட்டில் முழுசாக அவளுடையது என்று ஒரு டைல்ஸ்கூட இருக்காது. தெரியாத்தனமாக எழுதிய பத்திரம்தான் அவருக்குச் சரியாக இருந்தது.

ஆகவே வடபாதியில் ஒரு குளியலறை கட்டினோம். அவள் பாகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் முன்வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில், வடகிழக்கு மூலை. ஈசானி மூலையில் கக்கூஸ் கட்டினால் குடும்பம் விளங்காது என்று கொத்தனார் சாமானை மூட்டை கட்டிவிட்டார். வேறு ஒருவரைப் பிடித்தோம். அவரும் அதையே சொன்னார், ஆனால் கட்டினார். மூன்று வாரம் ஆயிற்று, அந்த மூன்று வாரமும் வாளி பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தது. வாசலில் கோலம் போடுகிற இடத்துக்கு நேராகக் கக்கூஸ் கதவு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டுக்கு வழி சொல்ல வசதியாக ஆகிவிட்டது, முன்னாடி கக்கூஸ் இருக்குமே அந்த வூடா என்று ஷேர் ஆட்டோக்காரர்களே கேட்பார்கள்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. ஆலையில் அன்று நல்ல வெயில், வண்டி வரிசை ஒரு கிலோமீட்டர், எல்லோரிடமும் பேச்சு வாங்கியிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது அவர் தன் துணியைத் தானே அலசி, என் கொடிக்கயிற்றில் போடாமல் ஜன்னல் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோட்டைத் தாண்டி என் பாகத்தில் போய் நின்று திரும்பினேன், அந்தப் பக்கம் அவர். நான் என்ன எமனா, எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சா வெஷமா என்று கேட்டேன். பெண்ணை நம்பித்தானே கொடுத்தீர்கள், அவளையே என்னிடம் விட்டவருக்கு ஒரு கொடிக்கயிறு ஆகாதா என்று கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கையில் இருந்த துண்டைப் பிழிந்து முடித்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். அவர் என்னோடு அவ்வளவு பேசியது அந்த ஒரு தடவைதான்.

“உங்கள ஒரு கொறையும் சொல்ல மாட்டேன் மாப்ள. ஆனா எம் பொண்ண நாளைக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னா, இன்னாத்துக்கு அப்டி சொன்னீங்கன்னு கேக்க எனக்கு வாய் வேணும். உங்க சோத்த தின்னுக்கினு உங்க வூட்ல படுத்துக்கினு இருந்தா நான் எப்டி கேப்பேன்? அவளுக்கு என்னய வுட்டா கேக்க யார் இருக்கா?”

நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தண்ணீர் பாட்டிலை எனக்குச் செய்த அவமரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பற்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு கொஞ்சம் கோபமும் இருந்தது. நான் அப்படி என்ன அவளைச் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

ஒரு மாசம் ஆகவில்லை, சொல்லிவிட்டேன். கேஸ் தீர்ந்துபோனது, பதிவு செய்ய மறந்துவிட்டாள். வேலைக்குக் கிளம்புகிற நேரம், டீ இல்லை. நாள் முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது ஒன்று ஞாபகம் இருக்காதா, எதுக்கும் உதவாதவள் என்று கத்தினேன். இதைவிடப் பெரிதாக எத்தனையோ கத்தியிருக்கிறேன், அவளும் திருப்பிக் கொடுப்பாள். அன்று அவள் வாய் திறக்கும் முன்னால் ஹாலிலிருந்து குரல் வந்தது.

“மாப்ள, இப்டி வாங்க.”

போனேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் டயாலிசிஸ், கையில் பிளாஸ்திரி இருந்தது. நான் கோட்டுக்கு என் பக்கத்தில் நின்றேன்.

“இன்னா பேச்சு அது,” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆலையில் லோடு வண்டிக்காரன் சட்டையைப் பிடித்தபோதுகூடத் திருப்பிக் கத்தியவன் நான். தப்புதான் மாமா என்றேன். எங்கிட்ட ஏன் சொல்றீங்க என்றார். சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி அவளிடம் நான் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. நான் டிவியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன், கட்டிலிலிருந்து அவருக்குச் செய்தி தெரியும். டயாலிசிஸ் நாளில் ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்கு என் தோளைப் பிடித்துக்கொள்வார், தெருவில் வைத்துப் பிடித்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. வெயில் காலத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் படுக்கையறைக்கு மட்டும்தான் ஓடும். படுக்கையறையிலிருந்து ஒயர் இழுத்து, டேபிள் ஃபேனை என் பாகத்தில் கோட்டை ஒட்டி வைத்து வடக்கே திருப்பிவிட்டேன். அவர் ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். காத்த ஒன்னும் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பத்து மாசம் அப்படி இருந்தார். ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. கால் வீக்கம் வடிந்து செருப்பு போட்டார். சாயங்காலங்களில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, போகிற வருகிறவர்களை இது எம் பொண்ணு வூடு என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு டீ கொடுக்கச் சொல்வார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மனைவி மிஷினில் இருந்தாள். காபிக்கு எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. நான் ஆலையிலிருந்து வந்தபோது அவள் கட்டில் சட்டத்தில் தலை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், என்னிடம் கொடுத்தாள்.

திருக்கோவிலூரிலிருந்து அவருடைய தம்பி முதலில் வந்து சேர்ந்தார். வந்ததும் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து எடுப்பது முறை இல்லை, மலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. என் மனைவி எழுந்து வந்தாள்.

“இது எம் வூடு சித்தப்பா,” என்றாள். “இங்கேர்ந்துதான் எடுக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கோயம்புத்தூரிலிருந்து பையன் வர வேண்டும், மலையிலிருந்து ஜனங்கள் இறங்க வேண்டும், மறுநாள் காலையில் எடுப்பதாக முடிவு செய்து ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம். பெட்டிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். கட்டிலை எடுத்து வெளியே போட்டார்கள். கும்பல் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போக முன்னால் இடம் வேண்டும் என்று பெட்டியைத் தெற்குச் சுவரை ஒட்டி, டிவிக்குக் கீழே இருந்த பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தலை தெற்கே இருக்க வேண்டும், அப்படியே வைத்தார்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, கண்ணாடி மூடியைத் துடைத்தார்கள். நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

மனைவி பெட்டியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே அவர் முழுக்க என் பாகத்தில் இருந்தார். நகர்த்தச் சொல்லி என்னிடம் கேட்கமாட்டாள். பத்து மாசம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்த முகம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. முதல் தடவையாக என் வீட்டில், என் கூரைக்குக் கீழே படுத்திருந்தது. இப்படியே விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் விட்டுவிடத்தான் ஆசைப்பட்டேன்.

பெட்டியை நாலடி வடக்கே நகர்த்த வேண்டும் என்று பெட்டிக்காரர்களிடம் சொன்னேன். ஒயர் எட்டாது, இங்கேயே வசதியாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று கேட்டார்கள். இது என் பாகம் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துவரச் சின்னப் பெண் மாதிரி ஓடினாள் என் மனைவி. நாலு பேரோடு ஐந்தாவதாக நானும் குனிந்து தலைப்பக்கத்தைப் பிடித்தேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுக்குள் வாருங்கள், வாருங்கள் என்று நான் கூப்பிட்ட மனுஷனை, வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாத ஒரே நாளில், நானே தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.